ஹாண்டில் நடுக்கம்: வீட்டில் செய்யக்கூடிய கைவைத்தியம்

எங்கள் வளவில் உள்ள பாலை மரத்தின் கீழே ஞாயிறு காலையில் ஒரு மோட்டார் சைக்கிளாவது நிற்கும். என்னுடையதாக இருக்கும், இல்லையென்றால் அயலில் யாராவது உருட்டிக்கொண்டு வந்ததாக இருக்கும். நான் கராஜ்காரன் இல்லை. விசுவமடுவிலிருந்து முல்லைத்தீவுக்கு நாளாந்தம் வேலைக்குப் போய்வருகிறவன். போய் இறங்கியதும் பேனை பிடிக்க முடியாமல் விரல்கள் விறைத்துப்போன ஒரு காலம் எனக்கு இருந்தது. அதைத் திருத்தப் போய், பிறகு மற்றவர்களுடையதையும் திருத்தி, ஒரே வருத்தத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

வருகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "ஹாண்டில் நடுங்குது." ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வருத்தங்கள் இருக்கின்றன. ஒன்று நடுக்கம். கைப்பிடிக்குள் வண்டு இரைவது போல இருக்கும், உள்ளங்கை கூசும், கண்ணாடியில் பின்னால் வரும் பஸ் மங்கித் தெரியும். மற்றது ஆட்டம். ஹாண்டில் இடமும் வலமுமாக, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அசையும். நடுக்கம் பெரும்பாலும் எஞ்சின் பக்கத்தால் வரும். ஆட்டம் சக்கரம், ரயர், கோன் (ஹாண்டில் திரும்பும் கழுத்தில் உள்ள பெயரிங்) பக்கத்தால் வரும். இதைப் பிரித்துப் பார்க்காமல் கைப்பிடிக்கு ஸ்பொஞ் வாங்கிப் போட்டால், கழன்றுகொண்டிருக்கும் ஒரு நட்டின் சத்தத்தைக் காதில் பஞ்சு வைத்து மறைத்ததாகிவிடும்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 வரை திறக்கப்படாததால் எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் பழைய வண்டிகளே வேலை செய்துவந்தன. ஹொண்டா எம்டி 90, பஜாஜ் சீரீ 100, ஹீரோ ஹொண்டா ஸ்பிளெண்டர் என்று கைமாறிக் கைமாறி வந்தவை. கீழே சொல்பவை இந்த வகை ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளுக்கானவை. 10, 12, 14, 17 ஸ்பனர்கள், காற்று அளக்கும் கருவி, கொஞ்சம் மண்ணெண்ணெய், பழந்துணி ஆகியவை போதும்.

## முதலில் இரண்டு நிமிடச் சோதனை

இதைக் கிரவல் வீதியில் செய்யாதீர்கள். அலை அலையாகக் கிடக்கும் கிரவலில் எந்த வண்டியும் நடுங்கும். ஏ9 வீதியில் மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடைப்பட்டது போன்ற நேரான தார்த் துண்டு ஒன்றில், முன்னும் பின்னும் வாகனம் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

நடுக்கம் வருகிற வேகத்துக்குப் போங்கள். அங்கே கிளச்சை முழுதாகப் பிடித்து அக்சிலேற்றரை விட்டுவிடுங்கள். வண்டி அதே வேகத்தில் உருளும், எஞ்சின் மட்டும் தணியும்.

உடனே நடுக்கம் போய்விட்டால் எஞ்சின் பக்கம்: 1, 2 பகுதிகளைப் பாருங்கள். போகாமல், வண்டியின் வேகம் குறையக் குறையத்தான் குறைகிறது என்றால் சக்கரப் பக்கம்: 3, 4. பிறேக் பிடித்தால் மட்டும் என்றால் 5. அக்சிலேற்றரை முறுக்கும்போது மட்டும் இழுத்து இழுத்து அதிர்ந்தால் 6.

## 1. நின்ற இடத்திலேயே நடுங்குகிறது

ரயில் கடவையில் காத்து நிற்கும்போது ஹாண்டிலும் பெற்றோல் தாங்கியும் சேர்ந்து ஆடும். ஓடத் தொடங்கியதும் குறைந்துவிடும்.

ஸ்லோ (வண்டி நிற்கும்போது எஞ்சின் சும்மா ஓடும் வேகம்) குறைவு. எஞ்சினை ஐந்து நிமிடம் சூடாக்கிய பிறகு காபரேற்றரில் உள்ள ஸ்லோ திருகாணியைக் கால் சுற்றுக் கூட்டிப் பாருங்கள். இந்த வண்டிகளுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1400 சுற்று வேண்டும். மீற்றர் இல்லாதவர்கள் காதை நம்பலாம்: தடுமாறாமல் ஒரே தாளத்தில் அடிக்கவேண்டும். பெற்றோல் மிச்சம் பிடிக்க ஸ்லோவைக் குறைத்து வைப்பது பலருக்குப் பழக்கம். மிச்சமாவது சொற்பம், எஞ்சின் படுகிற பாடு பெரிது.

எயர் பில்ரர். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிரவலில் ஓடுகிறவர்கள் இதை மாதம் ஒருமுறை திறந்து பார்க்கவேண்டும். ஸ்பொஞ் பில்ரர் என்றால் மண்ணெண்ணெயில் அலசிக் காயவைத்து, எஞ்சின் ஒயிலில் நனைத்துப் பிழிந்து போடலாம். முறுக்கிப் பிழியாதீர்கள், கிழிந்துபோகும். கடதாசிப் பில்ரரைக் கழுவவே கூடாது. தட்டித் தூசியை உதிர்க்கலாம், இல்லையென்றால் மாற்றவேண்டும்.

பிளக். கழற்றிப் பாருங்கள். முனை கரிபிடித்துக் கறுப்பாக இருந்தால் துடைத்து, இடைவெளியை 0.7 மில்லிமீற்றர் அளவுக்கு வையுங்கள். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது கொஞ்சப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகளுக்குப் பிளக் துடைப்பது பல் விளக்குவது போல அன்றாட வேலை. அதனால் எங்கள் ஊரில் ஐம்பது வயது தாண்டிய எவருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

இவை மூன்றும் சரி, ஆனாலும் நடுங்குகிறது என்றால் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

## 2. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வண்டு இரைவது போல நடுங்குகிறது

எல்லோரையும் வாட்டுவது இதுதான். 50க்கு மேல் போனால் தொடங்கும், 65இல் உச்சம், பிறகு ஒருவேளை குறையும். கிளச்சைப் பிடித்தால் போய்விடும்.

ஒன்றை ஒப்புக்கொண்டு தொடங்குவோம். ஒற்றைச் சிலிண்டர் வண்டிக்கு ஓரளவு நடுக்கம் கூடப் பிறந்தது. அதை இல்லாமல் ஆக்க முடியாது, கைக்கு வராமல் குறைக்கலாம். ஆனால் "முந்தி இப்படி இல்லை, இப்போதுதான்" என்றால் ஏதோ ஒன்று கழன்றிருக்கிறது. முதலில் அதைத் தேடவேண்டும்.

### முன்பு இல்லாமல் இப்போது வந்திருந்தால்

எஞ்சின் போல்ட்டுகள். எஞ்சின் ஆறியிருக்கும்போது, எஞ்சினைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் எல்லா போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாக ஸ்பனர் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் 12, 14 ஸ்பனர் வேலை. போல்ட்டைச் சுற்றித் துருப்பொடி போலச் செந்நிறத் தூள் படிந்திருந்தால் அது அசைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கழற்றி, ஸ்பிறிங் வாசர் தட்டையாகிப் போயிருந்தால் புதியது போட்டு, நைலோன் நட் போட்டு இறுக்குங்கள். நீளமான குழாய் மாட்டி முழுப் பலத்தோடு இழுக்கவேண்டாம். 12 ஸ்பனரை ஒரு கையால் அழுத்தி இறுக்கினால் போதும். மரை உரிந்துபோனால் செலவு பத்து மடங்கு.

என் வண்டியில் இருந்தது இதுதான். ஒரு கராஜில் கிராங்க் போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்கவேண்டும் என்றார்கள். பிரிக்கக் காசில்லாமல் வீட்டுக்கு வந்து ஒவ்வொரு போல்ட்டாகப் பார்த்தபோது, பின்பக்க மேல் போல்ட் விரலால் சுற்றுகிற அளவுக்குத் தளர்ந்திருந்தது. இறுக்கிய அன்றைக்கே பாதி நடுக்கம் போனது.

இங்கே ஒரு பிழையான வைத்தியம் உலவுகிறது. எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் இடையில் ரியூப் துண்டை வெட்டி வைப்பது. செய்யாதீர்கள். இரும்போடு இரும்பு இறுகவேண்டிய இடத்தில் றப்பர் போனால் எஞ்சின் மெல்ல நகரும், செயின் நேர்கோடு தவறும், கடைசியில் எஞ்சினைப் பிடித்திருக்கும் சட்டத்தின் காது வெடிக்கும். றப்பர் புஷ்ஷோடு கம்பனியில் இருந்தே வந்த வண்டி என்றால் மட்டும் அந்தப் புஷ்ஷைப் பாருங்கள், பிய்ந்திருந்தால் அதே வகையில் புதியது போடுங்கள்.

ஹாண்டில் கிளாம்ப். ஹாண்டில் குழாயைப் பிடித்திருக்கும் மூடிகளில் நான்கு போல்ட்டுகள். மூடியில் ஒரு புள்ளிக்குறி இருந்தால் அது முன்பக்கம் வரவேண்டும். முன் போல்ட்டை முதலில் இறுக்கி, பிறகு பின் போல்ட். இங்கேயும் றப்பர் வைக்கச் சொல்வார்கள். அவசரத்துக்கு பிறேக் அடிக்கும்போது ஹாண்டில் கையோடு முன்னால் சுழன்றுபோனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். கிளாம்புக்குள் றப்பர் வேண்டாம்.

தொங்கிக்கொண்டிருக்கும் சாமான்கள். சைலன்சர் போல்ட், மட்கார்ட், ஹெட்லைற் தாங்கி, இலக்கத் தகடு. ஒருவரைக் கொண்டு நியூட்றலில் எஞ்சினை அந்த நடுக்கம் வருகிற சத்தத்துக்கு ஏற்றிப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஒவ்வொன்றாகக் கைவைத்து அழுத்துங்கள், சூடான சைலன்சரை மட்டும் தொடவேண்டாம். எதை அழுத்தும்போது இரைச்சல் அடங்குகிறதோ அதுதான் கள்ளன். ஹெட்லைற் பல்ப் அடிக்கடி எரிந்துபோகிற வண்டியில் இந்தத் தேடலை முதலில் செய்யுங்கள்.

### எல்லாம் இறுக்கம், ஆனாலும் கை விறைக்கிறது

இப்போதுதான் ஹாண்டிலைத் தொடவேண்டும். ஹாண்டில் குழாய் மெல்லிய இரும்பு. அதன் பாரத்தைக் கூட்டினால் அது நடுங்குகிற வேகம் மாறும், நடுக்கத்தின் வீச்சும் குறையும். கைச்செலவு இல்லாமல் செய்ய இரண்டு வழிகள் உண்டு.

மணல் நிரப்புவது. நான் செய்ததில் மிகவும் பலன் தந்தது. சாதாரண ஹாண்டில் குழாய்க்குள் ஏறத்தாழ 300 கிராம் மணல் பிடிக்கும். கனகராயன் ஆற்று மணல் போன்ற ஆற்றுமணலாக எடுங்கள். முல்லைத்தீவுக் கடற்கரை மணல் பக்கத்தில்தானே கிடக்கிறது என்று அள்ளிப் போட்டால், அதிலுள்ள உப்புக் குழாயை உள்ளிருந்தே தின்றுவிடும். வெளியே மின்னிக்கொண்டு உள்ளே துருப்பிடித்த ஹாண்டில் எப்போது முறியும் என்று யாருக்கும் தெரியாது.

மணலை நுளம்பு வலைத் துண்டால் அரித்து, பழைய சட்டியில் வறுத்து ஆறவைக்கவேண்டும். வறுக்கும்போது முதலில் மணல் சட்டியில் ஒட்டிக்கொண்டு சோம்பலாகப் புரளும். ஈரம் போனதும் நிறம் வெளுத்து, அகப்பையிலிருந்து தண்ணீர் போல வழியும். அதுதான் பதம். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "மாவறுக்கிற பதம்தானே தம்பி, நான் வறுத்துத் தாறன்" என்று சட்டியை வாங்கிக்கொண்டார். ஈர மணல் போட்டால் குழாய் துருப்பிடிக்கும், சரியாக நிரம்பவும் நிரம்பாது.

கைப்பிடிகளையும், வலப்பக்க அக்சிலேற்றர் குழாயையும் கழற்றுங்கள். சுவிச்சுகள் உட்காரும் இடத்தில் ஹாண்டிலில் சிறு துளைகள் இருக்கும், அவற்றை நல்ல டேப்பால் மூடுங்கள். ஹாண்டிலுக்குள்ளே வயர் ஓடுகிற வண்டி என்றால் இந்த வேலையை விட்டுவிடுங்கள். ஒரு பக்கத்து வாயை, சைக்கிள் ரியூப் சுற்றிய மரக்கட்டையால் இறுக அடித்து மூடி, சிலிக்கன் பூசுங்கள். மறுபக்கத்தால் புனல் வைத்து மணலை விட்டு, மரத்துண்டால் குழாயைத் தட்டிக்கொண்டே இருங்கள். தட்டத் தட்ட மணல் இறங்கும். முழுதாக நிரம்பவேண்டும். அரைகுறையாக நிரம்பினால் உள்ளே மணல் ஓடித்திரியும். அப்புறம் இந்தப் பக்கத்தையும் அடைத்துச் சிலிக்கன் பூசி ஒரு இரவு விடுங்கள்.

திரும்பப் பூட்டும்போது ஒரு மணல் பருக்கைகூட அக்சிலேற்றர் குழாய்க்குள் இருக்கக்கூடாது. பூட்டியதும் ஹாண்டிலை இடதுகோடி, நடு, வலதுகோடி என்று திருப்பி, ஒவ்வொரு இடத்திலும் அக்சிலேற்றரை முறுக்கி விடுங்கள். தானாகச் சடக்கென்று திரும்பவேண்டும். திரும்பவில்லை என்றால் வண்டியை எடுக்காதீர்கள், கழற்றித் துடைத்து மறுபடி பூட்டுங்கள்.

முனையில் பாரம். மணல் வேண்டாம் என்றால் ஹாண்டிலின் இரு முனைகளிலும் பாரம் வைக்கலாம். விரல் நீளத்துக்கு ஒரு 8 மில்லிமீற்றர் போல்ட். அதில் ஒரு தடித்த இரும்பு வாசர், பழைய ரயரில் குழாய்க்குள் போகும் அளவுக்கு வெட்டிய வட்ட றப்பர், மறுபடி வாசர், மறுபடி றப்பர் என்று கோர்த்து நட் போடுங்கள். குழாய்க்குள் நுழைத்து வெளியிலிருந்து இறுக்கினால் றப்பர் பிதுங்கிக் குழாயைக் கவ்விக்கொள்ளும். வெளியே நிற்கும் தலைப்பக்கத்தில் பெரிய இரும்பு வாசர்களை அடுக்கி ஒவ்வொரு முனைக்கும் 150 முதல் 200 கிராம் வரை கொண்டுவரலாம். இரண்டு பக்கமும் ஒரே பாரமாக இருக்கட்டும். வலப்பக்கம் கைப்பிடிக்கும் பாரத்துக்கும் இடையில் 2 மில்லிமீற்றர் வெளி விடுங்கள், இல்லையென்றால் அக்சிலேற்றர் உரசி நிற்கும்.

கைப்பிடி. கடைசியாகச் செய்யவேண்டியது. கல்லுப்போல் காய்ந்த கைப்பிடி என்றால் புதியது போடுங்கள், விலை அதிகம் இல்லை. அல்லது சைக்கிள் ரியூப்பில் ஒரு சாண் வெட்டி, சவர்க்காரத் தண்ணீர் தடவிக் கைப்பிடிக்கு மேலே இழுத்துவிடுங்கள். ஒயில் தடவி ஏற்றாதீர்கள், பிறகு சுழலும். ஒரு சுற்றுக்கு மேல் போடவேண்டாம், தடித்த கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு போனால் முழங்கை வரை நோகும். ஸ்பொஞ் கைப்பிடி கோடையில் நல்லது. மாரியில் நனைந்து நாள் முழுக்கத் தண்ணீர் சொட்டும், எனக்குச் சரிவரவில்லை.

### எப்போது கராஜுக்கு

எஞ்சினுக்குள்ளிருந்து டக் டக் என்று அடித்தால், நடுக்கத்தோடு புகை வந்தால், சட்டத்தில் எஞ்சின் காது பக்கத்தில் மயிரிழை போல் வெடிப்புத் தெரிந்தால் வீட்டு வேலை அங்கே முடிந்தது. வெடிப்புக்கு வெல்டிங் வைப்பவர் சட்ட வேலை தெரிந்தவராக இருக்கவேண்டும். கதவு கிறாதி ஒட்டுகிற எல்லோரும் அதைச் செய்ய முடியாது.

## 3. சக்கரம் உருளும்போது துள்ளுகிறது, ஆடுகிறது

கிளச்சைப் பிடித்தாலும் போகாது. வேகத்தோடு கூடும்.

சேறு. சிரிக்காதீர்கள். மாரிக்காலத்தில் வயல் வரம்பால், குளக்கட்டால் வந்த வண்டியின் றிம்முக்குள் ஒரு பக்கமாகக் களி அப்பிக் காய்ந்திருக்கும். கையளவு களி போதும், ஹாண்டில் குதிக்கும். கழுவிவிட்டு மறுபடி ஓடிப் பாருங்கள்.

காற்று. காலையில் ரயர் குளிர்ந்திருக்கும்போது அளக்கவேண்டும். இந்த வகை வண்டிகளுக்கு முன்னால் 25 பீஎஸ்ஐ, பின்னால் தனியே போனால் 28 என்பது பொதுவான அளவு. ஆள் ஏறினால் பின்னுக்குக் கூட்டவேண்டும். உங்கள் வண்டிக்குரிய அளவு செயின் மூடியிலோ பின் சட்டத்திலோ ஒட்டியிருக்கும். கல்லுப்போல் காற்றடித்தால் பெற்றோல் மிச்சம் என்று 40 அடித்துவிட்டு, முன்சக்கரம் குதிக்கிறது என்று வந்தவர்கள் பலர்.

ஒட்டுப் போட்ட பிறகு தொடங்கியதா? அப்படியென்றால் ரயர் றிம்மில் ஒழுங்காக உட்காரவில்லை. ரயரின் பக்கச் சுவரில், றிம்முக்குச் சற்று மேலே ஒரு மெல்லிய கோடு வட்டமாக ஓடும். சக்கரத்தை மெல்லச் சுற்றிப் பாருங்கள். அந்தக் கோடு றிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருக்கவேண்டும். ஓரிடத்தில் உள்ளே அமுங்கியிருந்தால், காற்றை இறக்கி, விளிம்பில் சவர்க்காரத் தண்ணீர் தடவி, ரயரில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல் காற்றடியுங்கள். "பொக்" என்று வெளியே வந்து உட்காரும். பிறகு வழமையான அளவுக்கு இறக்குங்கள். ஒட்டுகிற கடையில் நிற்கும்போதே இதைப் பார்த்துவிட்டால் இரண்டாம் தடவை போகத் தேவையில்லை.

ஸ்போக் கம்பிகள். சிறிய ஸ்பனரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டுங்கள். இறுகிய கம்பி "டிங்" என்னும், தளர்ந்தது செத்த சத்தம் தரும். தளர்ந்ததைக் கால் சுற்று மட்டும் இறுக்கிப் பாருங்கள். நான்கைந்துக்கு மேல் தளர்ந்திருந்தால் நீங்கள் தொடவேண்டாம், றிம் நேரெடுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

றிம் நெளிவு. சென்ரர் ஸ்ராண்டில் நிறுத்தி முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஒரு தென்னை ஈர்க்கை முன் ஷொக் காலில் நூலால் கட்டி, அதன் நுனி றிம்மைத் தொடத் தொடாமல் நிற்கும்படி வையுங்கள். சக்கரத்தைச் சுற்றும்போது ஈர்க்கு எங்கே உரசுகிறது, எங்கே விலகுகிறது என்று பாருங்கள். 2 மில்லிமீற்றருக்குள் என்றால் விட்டுவிடலாம். அதற்கு மேல் என்றால் ஸ்போக் றிம்மை நேரெடுக்கலாம். அலோய் றிம் நெளிந்தால் சுத்தியலால் தட்டி நிமிர்த்தக்கூடாது, வெடிக்கும்.

பெயரிங். அதே நிலையில் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்துக் குறுக்காக அசையுங்கள். "கடக்" என்று ஒரு தட்டு கேட்டால் சக்கரப் பெயரிங் தேய்ந்துவிட்டது. வெள்ளத்துக்குள்ளால் அடிக்கடி போன வண்டியில் இது சீக்கிரம் போகும். இலக்கம் பெயரிங்கின் முகத்திலேயே பொறித்திருக்கும், அதைப் பார்த்து வாங்கலாம். அடித்து ஏற்றும் வேலையைக் கராஜில் விடுங்கள். கோணலாக ஏறினால் புதுப் பெயரிங்கும் நாசம்.

## 4. ஹாண்டில் தானாக இடமும் வலமும் ஆடுகிறது

வேகத்தைக் குறைத்து 50இலிருந்து 30க்கு வரும்போது பிடி சற்றுத் தளர்ந்தால் ஹாண்டில் உதறும். கையை விட்டுச் சோதித்துப் பார்க்காதீர்கள். இது ஆளை விழுத்துகிற வருத்தம்.

முள்ளியவளைப் பக்கம் மீன் கொண்டுபோய் விற்கும் அண்ணை ஒருவர் இப்படித்தான் வந்தார். "தம்பி, வெறும் வண்டியா வரேக்க ஒண்டும் இல்லை. பெட்டி நிரப்பினா நாப்பதில ஆடத் தொடங்குது" என்றார். கைப்பிடி மாற்றியாயிற்று, முன் ரயரும் மாற்றியாயிற்று, காசுதான் போனது. வண்டியின் பின்னால் போய் நின்று பார்த்தேன். மீன்பெட்டி பின்சக்கர அச்சுக்கும் பின்னால் தொங்கியது. ஐஸும் மீனும் ஏறியதும் முன்சக்கரம் நிலத்தைத் தொட்டும் தொடாமலும் போகும். பெட்டித் தாங்கியைச் சீற்றோடு ஒட்டும்படி முன்னால் நகர்த்திக் கட்டினோம். முக்கால்வாசி ஆட்டம் போனது. மிச்சம் கோனில் இருந்தது.

ஆகவே வரிசை இதுதான்:

பாரம். பெட்டி, நெல்மூட்டை, பால்கான் எதுவானாலும் முடிந்தவரை முன்னுக்கும் கீழுக்கும் கொண்டுவாருங்கள்.

முன் ரயர். உள்ளங்கையால் ரயரின் முகத்தைத் தடவுங்கள். மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டால் தேய்மானம் சீரில்லை. மாற்றவேண்டும்.

கோன் செற். முன்சக்கரத்தைத் தூக்கி, இரண்டு ஷொக் கால்களையும் அடியில் பிடித்து முன்னும் பின்னும் தள்ளி இழுங்கள். தட்டினால் கோன் தளர்ந்திருக்கிறது. பிறகு ஹாண்டிலை ஒரு விரலால் மெல்லத் திருப்புங்கள். நேர் நடுவில் பள்ளத்தில் விழுவது போல நின்று நின்று போனால் கோன் கிண்ணத்தில் பள்ளம் விழுந்துவிட்டது. தளர்வை மட்டும் நீங்கள் இறுக்கலாம்: தட்டு நிற்கும் வரை இறுக்கி, ஹாண்டில் தன் பாட்டில் இரு பக்கமும் விழுகிறதா என்று பாருங்கள். விழாமல் இறுகி நின்றால் கூடிவிட்டது. பள்ளம் விழுந்ததை இறுக்கிப் பயனில்லை, செற்றாக மாற்றவேண்டும். அது கராஜ் வேலை.

பின் ஸ்விங்ஆம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) புஷ். பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளுங்கள். சக்கரத்தோடு ஸ்விங்ஆமும் சேர்ந்து அசைந்தால் புஷ் போய்விட்டது. மீன்பெட்டித் தண்ணீர் ஒழுகும் வண்டிகளில் அந்த நட் உப்பால் இறுகிப்போயிருக்கும். சுத்தியலோடு மல்லுக்கட்டாமல் கராஜில் கொடுங்கள். அந்த அண்ணைக்குப் பெட்டியின் ஓட்டையில் ஒரு ரியூப் துண்டு மாட்டி, தண்ணீர் சக்கரத்துக்கு அப்பால் விழும்படி விட்டிருக்கிறோம்.

விழுந்து எழும்பிய வண்டியில் இந்த ஆட்டம் தொடங்கினால் வேறு எதையும் பார்க்கவேண்டாம். ஷொக் காலோ சட்டமோ வளைந்திருக்கலாம். நேரே கராஜ்.

## 5. பிறேக் பிடித்தால் மட்டும் ஹாண்டில் அடிக்கிறது

முதலில் கோன் தளர்வைப் பாருங்கள், பாதிப் பேருக்கு அதுதான். அடுத்து முன்சக்கர அச்சு நட். பிறகு பிறேக் டிறம்மைத் திறந்து லைனிங்கின் தூசியை ஈரத்துணியால் துடையுங்கள். வாயால் ஊதாதீர்கள், பழைய லைனிங் தூசி நெஞ்சுக்குக் கூடாது. லைனிங் மினுங்கினால் மண்தாளால் மெல்லத் தேய்க்கலாம். மழையில் இரண்டு நாள் நின்ற வண்டியில் காலையில் மட்டும் அடித்தால் டிறம்முக்குள் துரு, சில தடவை பிறேக் பிடிக்கப் போய்விடும்.

இதற்கு மேலும் லீவர் கையில் துடித்துக்கொண்டே இருந்தால் டிறம் வட்டம் கெட்டிருக்கிறது, அல்லது டிஸ்க் வளைந்திருக்கிறது. டிறம்மை லேத்தில் சீவலாம், எல்லை அளவு அதில் பொறித்திருக்கும். டிஸ்க்குக்கு வீட்டு வைத்தியம் கிடையாது.

## 6. முறுக்கும்போது இழுத்து இழுத்து அதிர்கிறது

செயின். நடுவில் மேலும் கீழும் அசைத்தால் 20 முதல் 30 மில்லிமீற்றர் ஆடவேண்டும். சக்கரத்தைச் சுற்றி நான்கு இடத்தில் பாருங்கள். ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தொங்கினால் செயின் சமமில்லாமல் நீண்டுவிட்டது. காய்ந்திருந்தால் மண்ணெண்ணெயில் கழுவிக் காயவிட்டு 90 கியர் ஒயில் விடுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையால் சக்கரத்தைச் சுற்றித்தான் துடைக்கவேண்டும். ஓடுகிற செயினில் துணி பிடித்து விரல் இழந்தவர்கள் உண்டு.

ஸ்ப்ரொக்கற். பின் ஸ்ப்ரொக்கற்றின் பின்பக்கத்தில் செயினைப் பிடித்து வெளியே இழுங்கள். பாதிப் பல்லுக்கு மேல் வெளியே தெரிந்தால் செயினும் இரண்டு ஸ்ப்ரொக்கற்றும் சேர்த்து மாற்றவேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைத் தின்னும்.

ஹப் றப்பர். பின்சக்கரத்தை அசையாமல் பிடித்து ஸ்ப்ரொக்கற்றை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். அதிகம் ஆடினால் உள்ளே றப்பர் தேய்ந்திருக்கிறது. புதியது வாங்கும் வரை, ஒவ்வொரு றப்பரையும் சைக்கிள் ரியூப் பட்டியால் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கமாக உட்காரவைக்கலாம். இது உண்மையாகவே பலன் தரும் மலிவு வைத்தியம். எனது வண்டியில் ஒரு மாரி முழுக்க ஓடியது.

## 7. வண்டி சரி, கைதான் விறைக்கிறது

லீவர்களைப் பாருங்கள். சீற்றில் இருந்து கையை நீட்டி விரல்களை லீவரில் வைத்தால் மணிக்கட்டு நேராக நிற்கவேண்டும். மேலே மடிந்தால் லீவரைக் கொஞ்சம் கீழே திருப்பி இறுக்குங்கள். 10 ஸ்பனர், ஐந்து நிமிடம். மண்வெட்டி பிடிப்பது போல் கைப்பிடியை நெரித்துப் பிடிக்கும் பழக்கமும் விறைப்பைக் கூட்டும். முழங்காலால் பெற்றோல் தாங்கியை அணைத்துக்கொண்டால் கை தானாக இளகும்.

வண்டியை விட்டு இறங்கி வெகுநேரம் ஆகியும் விறைப்புப் போகவில்லை, இரவில் விரல் கூசி நித்திரை குழம்புகிறது, குளிர்ந்த காலையில் விரல் நுனி வெளுக்கிறது என்றால் ஸ்பனரை வைத்துவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள். நரம்பு இரத்தோட்டப் பிரச்சினையை வளரவிடக்கூடாது.

## இறுக்கிய பிறகு

இறுக்கிய ஒவ்வொரு நட்டிலும் போல்ட்டிலும் சேர்த்து, நகப்பூச்சால் ஒரு கோடு போடுங்கள். கோடு விலகினால் நட் நகர்ந்திருக்கிறது என்று ஸ்பனர் வைக்காமலே தெரியும். முதல் 100 கிலோமீற்றருக்குப் பிறகு ஒருமுறை பார்க்கவேண்டும், கிரவலில் ஓடுகிறவர்கள் அதற்கு முன்னரே. ஏ9 வீதியால் போகிறவர்கள் எப்படியும் முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் இறங்கித் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்குவார்கள். கச்சான் கொறிக்கிற நேரத்தில் குனிந்து அந்தக் கோடுகளை ஒருமுறை பார்த்துவிடலாம்.